இடுப்புயரக் காலண்டர்

மண்ணரை, திருப்பூர்
21.8.2006

மதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி மகுடேஸ்வரன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், நான்கு சுவர்கள், ஒரு பல்லி, எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும் மாடும் எப்படி? போன் பண்ணினால் உங்கள் காதில் மட்டும் விழுவதில்லை, மடத்துக்குளம் முழுக்கக் கேட்கிறது. அதனால் தபால்காரரே கதி.

போன பொங்கலுக்கு வந்து, இரண்டாம் நாளே நான் பஸ் ஏறியபோது நீங்கள் சொன்னது மறக்கவில்லை. "கோமளா போய்ச் சேந்து ஒண்ணரை வருசமாச்சு. புள்ளகுட்டியும் இல்ல. அந்த ஊட்ல தனியா உக்காந்து என்ன பண்ற? வித்துப்போட்டு இங்க இருக்கறதுக்கு வா. விருந்தாளியா வர்றதுன்னா வராத." சரி என்று வந்தேன். ஆடி வரைக்கும் சும்மா இருந்தேன், ஆடியில் யாரும் வீடு பார்க்க மாட்டார்கள் என்று இன்னொரு மாதம் சும்மா இருந்தேன். ஆவணி பிறந்துவிட்டது. இனிச் சாக்கு இல்லை.

நேற்று ஞாயிறு. கம்பெனிகளுக்கு லீவு என்பதால் திருப்பூரில் பாதிப் பேர் மீதிப் பேருடைய வீட்டைப் பார்க்கக் கிளம்பும் நாள். புரோக்கர் ஆறுச்சாமி காலையிலேயே வந்து, "லைட்டெல்லாம் போட்டு உடுங்க, ஊதுபத்தி கொளுத்துங்க, பார்ட்டி பேசறப்ப நீங்க பேசாதீங்க" என்று மூன்று கட்டளை போட்டார். முதல் இரண்டையும் செய்தேன்.

வந்த தம்பதி வாஸ்துக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தொலைந்த கோழியைத் தேடுகிறவர் மாதிரி மூலை மூலையாகப் போனார். எல்லாம் பொருந்தி வந்தது. கடைசியாக வடகிழக்கு மூலையில் நின்று, "இங்க கீழ என்னங்க?" என்றார். ஆறுச்சாமி "பூந்தொட்டி வெக்கற எடங்க" என்று ஆரம்பிப்பதற்குள் என் வாய், "செப்டிக் டேங்குங்க" என்றது. மூன்று பேரும் என் முன்னாலேயே செருப்பு மாட்டினார்கள். ஆறுச்சாமி என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் தாள் எரிந்துவிடும்.

அடுத்து வந்தவர் ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. முற்றவில்லை போலிருக்கிறது, போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு உங்கள் தம்பி,
மகுடேஸ்வரன்

*

மடத்துக்குளம்
29.8.2006

சாமி மகுடுக்கு அக்கா பழனாத்தாளோட ஆசீர்வாதம். பல்லி சௌக்கியம்னு எழுதற, சோறு உண்டயா இல்லையான்னு எழுத மாட்டீங்கற.

முன்னறைக்கு வெள்ளையடிச்சாச்சு. நல்லான் வந்து ரண்டு நாள் அடிச்சான். உனக்குத்தான். புதுக் கட்டல் போட்டிருக்குது. மாட்டை நல்லானுக்கே புடிச்சுக் குடுத்துட்டன், முன்ன மாதிரி குனிஞ்சு நிமுர ஆகல. இப்ப எனக்கு வேலை கம்மி. அந்த அறைல கதவுக்குப் பக்கத்துல உக்காந்தா பஸ் வந்து நிக்கறது நல்லாத் தெரியுது. அங்கயே உக்காந்துக்கறன்.

வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்து ஊட்டை வித்துட்டு வா. தீவாளிக்குள்ள வந்துரு கண்ணு.

அக்கா

*

மண்ணரை
11.9.2006

அக்காவின் பாதங்களுக்கு வணக்கம். இரண்டு வேளை சோறு, ஒரு வேளை பேக்கரி. போதுமா? மாட்டைக் கொடுத்துவிட்டீர்களா! நீங்கள் பேசுகிற பேச்சுக்கு அதுவே எங்கேயாவது இடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

இந்த ஞாயிறு இரண்டு பார்ட்டி. முதலாவது ஒரு குடும்பம். அந்த அம்மா வீட்டையே பார்க்கவில்லை, நேராக மோட்டாரைப் போடச் சொல்லி ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்தார். முகர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினார். "உப்புக் கரிக்குதுங்களே" என்றார். நான், "குடிக்கறதுக்கு லாரித் தண்ணிதானுங்க. இதுல துவைச்சா வெள்ளை பனியன் நாலே மாசத்துல க்ரீம் கலர் ஆயிருமுங்க" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். க்ரீம் கலர்தான்.

இரண்டாவது, சுடலை என்கிற தையல் கான்ட்ராக்டர், தூத்துக்குடிப் பக்கம். ஓர் அறையில் நின்று கையை விரித்து விரித்து அளந்தார். "அண்ணாச்சி, இங்கன எட்டுப் பாய் விரிக்கலாமா வே?" தன்னிடம் வேலை பார்க்கிறவர்களைத் தங்க வைக்கவாம். "விரிக்கலாங்க, மழை வந்தா ஆறுதானுங்க. மீதி ரண்டு எடத்துல ஒழுகும்" என்றேன். சிரித்துக்கொண்டே, "நீரு வீட்ட விக்கீரா, காவல் காக்கீரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

இன்னொரு விஷயம், சிரிக்கக் கூடாது. நடு அறைச் சுவரில் கோமளா சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறதே, தலை அளவுக்கு வட்டமாக. கம்பெனி முடிந்து வந்ததும் டீ டம்ளரோடு அங்கேதான் உட்காருவாள். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்த்து மூக்கைச் சுருக்குகிறார்கள். "அதை எடுங்க சார்" என்றார் ஆறுச்சாமி. எங்கள் கம்பெனி செக்கிங் செக்‌ஷனில் கறை எடுக்கும் மருந்து அடிக்கிற கன் இருக்கிறது. எந்தக் கறையும் எனக்கு மூன்று நொடி. வீட்டுக்கு எடுத்து வந்தேன். மூன்று நாள் அந்தச் சுவருக்கு முன்னால் கன்னோடு நின்றேன், கொள்ளைக்காரன் மாதிரி. பிறகு கம்பெனியிலேயே திருப்பி வைத்துவிட்டு, கறை மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டேன். உட்கார்ந்தவள் தலை உயரம் என்பதால் காலண்டர் என் இடுப்புக்கு வருகிறது. வருகிறவர்கள் எல்லாம், "ஏனுங்க இவ்வளவு கீழ?" என்கிறார்கள். குனிந்து தேதி பார்த்தால் முதுகுக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்குள் முடிந்துவிடும். கவலை வேண்டாம்.

தம்பி மகுடேஸ்வரன்

*

மடத்துக்குளம்
25.9.2006

தம்பிக்கு ஆசீர்வாதம். இத எழுதறது எதுத்த ஊட்டுத் தரணி, காலேஜுக்குப் போற புள்ள. எனக்குப் பேனா புடிச்சாக் கை நடுங்குது, நான் சொல்லச் சொல்ல அவ எழுதறா.

உன்ற வேல எனக்குத் தெரியாதா சாமி? இருபத்தாறு வருசமா கம்பெனில பனியன் பனியனாப் பாத்து, ஓட்டை இருக்கற எடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டறவன் நீ. இப்ப ஊட்டுக்கும் நீயே ஒட்டி ஒட்டிக் காட்டி, வாரவன முடுக்கி உடற. விக்கறதுக்கு உனக்கு மனசில்ல. இருந்தா இருக்குது, எங்கிட்ட எதுக்கு நாடகம்?

போன வாரம் உடுமலை போயி ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்தன். வயித்துல புண்ணுன்னாங்க, கஞ்சி குடிக்கச் சொன்னாங்க. அது கெடக்குது. தீவாளிக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்ல. கட்டலுக்கு மெத்தை தெச்சு வந்திருச்சு. யாரும் படுக்காம அப்படியே இருக்குது.

சொன்னது அக்கா, எழுதினது தரணி

*

மண்ணரை
9.10.2006

அக்காவுக்கு வணக்கம். தரணிக்கு என் ஆசி. என் அக்கா திட்டுவதைக்கூட முத்து முத்தாக எழுதுகிறாயே கண்ணு, உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

அக்கா, புளியைக் குறையுங்கள், வயிற்றுப்புண் தானாகப் போய்விடும். எனக்கும் இருக்கிறது, பேக்கரி உபயம்.

ஸ்டிக்கர் விஷயத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். ஆனால் நேற்று நடந்ததைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி. பெருமாநல்லூரில் கம்பெனி வைத்திருக்கிற குடும்பம். எல்லாம் பிடித்துவிட்டது. செப்டிக் டேங்கைப் பற்றி நான் மூச்சே விடவில்லை. ஆறுச்சாமி என்னைப் பாசத்தோடு பார்த்தார். கிளம்பும்போது அந்தப் பையனின் அம்மா வாசலில் திரும்பி நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ஊட்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்குதுங்களா?"

எல்லாப் பார்ட்டியும் கேட்பதுதான். ஆறுச்சாமி எப்போதும் "சேச்சே" என்று முந்திக்கொள்வார். நேற்று அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஆச்சுங்க. என்ற சம்சாரமுங்க. அந்தக் காலண்டருக்குக் கீழதானுங்க. டீ குடிச்சுட்டே இருந்தாங்க. தலை சாஞ்ச மாதிரியே இருந்துச்சு, தூங்கறாங்கன்னு நெனச்சு நான் பேசாம பேப்பர் படிச்சுட்டு இருந்தனுங்க. அரை மணி நேரம்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம் அக்கா. சொன்னால் கோமளா இங்கே இருக்கவே இல்லை என்கிற மாதிரி ஆகிவிடுமே.

அவர்கள் போய்விட்டார்கள். ஆறுச்சாமி நேற்றிலிருந்து பேசவில்லை. எனக்கு அது ஓய்வு.

தீபாவளிக்கு ஆகாது போலிருக்கிறது. விற்காமல் வந்தால் கதவைச் சாத்துவீர்கள். அதனால் இங்கேயே ஒரு கிலோ மைசூர்பாவோடு கொண்டாடிவிடுகிறேன்.

தம்பி

*

மடத்துக்குளம்
24.10.2006

சாமிக்கு அக்கா ஆசீர்வாதம். தீவாளி போயிருச்சு. உனக்கு எடுத்த வேட்டி சட்டை கட்டல் மேல வெச்சிருக்குது.

ஊடு விக்காட்டிப் போச்சாது. ஒரு எட்டு வந்துட்டுப் போ. விருந்தாளியாவே வா, ரண்டு நாள் இருந்துட்டுப் போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்.

அக்கா

(மாமாவுக்குத் தரணி எழுதுவது. சீக்கிரம் வாங்க மாமா.)

*

மண்ணரை
6.11.2006

அக்காவுக்குக் கோடி வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்து, நடு அறையில் ஒரு குதி குதித்தேன். பல்லி பயந்துவிட்டது. என் அக்கா இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை! சின்ன வயதில் கில்லித்தாண்டலில் தோற்றதற்குக்கூட ஒப்புக்கொள்ளாத ஆள். இந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன், இதையாவது கண் உயரத்தில்.

இதுவரை 'விற்க வேண்டுமே, அக்கா காத்திருக்கிறாரே' என்று நெஞ்சில் ஒரு கல் இருந்தது. இப்போது அவசரம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நிம்மதி. கம்பெனியில் இப்போது ஷிப்மென்ட் நேரம், ராத்திரி பகல் இல்லை. மார்கழி பிறந்தால் வீட்டு வியாபாரமும் நின்றுவிடும். ஒரேயடியாகத் தைக்கு வந்து, ரண்டு நாள் என்ன, ஒரு வாரம் இருக்கிறேன். வேட்டி சட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

தரணி, மாமா வரும்போது உனக்கு எக்ஸ்போர்ட் பனியன் கொண்டு வருவேன். ஓட்டை இல்லாதது.

உங்கள் மகுடு

*

மண்ணரை
11.12.2006

அக்காவுக்கு. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா? திட்டியாவது எழுதுங்கள். தபால்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது மணி அடிப்பதில்லை, அது ஒரு மாதிரி இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள். வீடு முடிந்துவிட்டது.

நேற்று ஆறுச்சாமி, மார்கழிக்கு முன் கடைசி ஞாயிறு என்று, ஓர் அம்மாவைக் கூட்டி வந்தார். குழந்தையம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பனியன் கம்பெனிகளில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்து இப்போதுதான் நின்றவர். கூட யாரும் இல்லை, திசைகாட்டி இல்லை, சொம்பு இல்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "கொஞ்சம் உக்காந்து பாக்கட்டுங்களா?" என்றார். நாற்காலி போட்டேன். "அதுல இல்லீங்க" என்று நேராகப் போய் அந்தச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். சாய்ந்தார். காலண்டர் தலையில் இடித்தது. தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது ஊட்டம்மாவோடதுங்களா?"

"ஆமாங்க."

"எத்தன வருசத்துதுங்க?"

"பத்தொம்போதுங்க."

உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு, "பொம்பளைக்கு உக்கார நேரங் கெடச்ச ஊடுங்க இது. நானும் முப்பது வருசம், ஆறு ஊட்ல வாடகைக்கு இருந்துட்டனுங்க. எந்தச் சுவத்துலயும் என்ற தலை பட்ட தடம் இல்லீங்க. நின்னுட்டேதான் இருந்திருக்கறனாட்ட இருக்குது" என்றார்.

ஆறுச்சாமி கண்ணால் கும்பிட்டும் கேட்காமல் நான் எல்லாவற்றையும் சொன்னேன். செப்டிக் டேங்க், தண்ணீர், ஒழுகல், கோமளா. "அதெல்லாம் எல்லா ஊட்லயும் ஒண்ணு ரண்டு இருக்குமுங்க" என்றார். எழுந்திருக்கும்போது அவரே காலண்டரை நேராக்கிவிட்டார். "வெள்ளையடிச்சாலும் இந்த எடத்த உட்டுட்டு அடிக்கச் சொல்றனுங்க" என்றார்.

ஒரே வார்த்தையில் "சரிங்க" என்றேன் அக்கா. என் ஆயுளில் இது முதல் தடவை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தையில் பத்திரம். சாவியைக் கொடுத்த கையோடு பெட்டியோடு வருகிறேன். விருந்தாளியாக இல்லை, இருப்பதற்கு. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

மகுடு

*

மடத்துக்குளம்
22.12.2006

சாமி, நானே எழுதறன். எழுத்துக் கோணலா இருக்கும், சிரிக்காத. வித்துட்டயா. எனக்கு அது போதும். இனி அந்த ஊட்டுக்குத் திரும்பிப் போக மாட்டயில்ல. அந்தம்மா நல்லா இருக்கட்டும், நான் கேட்டன்னு சொல்லு. இங்க எல்லாம் இருக்குது. கட்டல், மெத்தை, துணி. கதவு சாத்தறதில்ல. வா.

அக்கா

*

மடத்துக்குளம்
4.1.2007

மாமாவுக்குத் தரணி வணக்கத்துடன் எழுதுவது. உங்களுக்குப் போன் பண்ணக் கூடாது என்று பெரியம்மா என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதம் எழுதக் கூடாது என்று வாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு வயிற்றில் இருப்பது புண் இல்லை மாமா. ஆடி மாதமே டாக்டர் சொல்லிவிட்டார். எதுவும் செய்வதற்கில்லை என்றும் சொன்னார். உங்களிடம் சொல்லலாம் என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். "தெரிஞ்சா அவன் போட்டது போட்டபடி ஓடியாந்துருவான். நான் போனதும் திரும்பி அந்த ஊட்டுக்கே போயி, அந்தச் சுவத்தப் பாத்துட்டு ஒத்தையா உக்காந்துக்குவான். வித்துட்டு வரட்டும். வந்தா இந்த ஊடு அவனுக்கு இருக்குது" என்பார்.

தீபாவளி சமயத்தில் அவருக்கே தாங்கவில்லை. அதனால்தான் விற்காவிட்டாலும் வா என்று எழுதச் சொன்னார். நீங்கள் தைக்கு வருகிறேன் என்று எழுதியதை நான்தான் படித்துக் காட்டினேன். "ஷிப்மென்டாமா, பாவம்" என்றார். அப்புறம் ஒரு மாதம் எதுவும் எழுத வேண்டாம் என்றுவிட்டார்.

வீடு விற்ற கடிதத்தை மட்டும் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம் மாமா. இதைப் படித்ததும் கிளம்பி வாருங்கள்.

தரணி

*

மடத்துக்குளம்
29.1.2007

குழந்தையம்மாள் அவர்களுக்கு மகுடேஸ்வரன் வணக்கம். புதுவீட்டில் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன திங்கட்கிழமை பத்திர ஆபீசில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். வாய்க்காரன் என்று ஆறுச்சாமி சொல்லியிருப்பார், ஆள் மாறிப்போச்சா என்று நினைத்திருப்பீர்கள். என் அக்கா உங்களை நலம் விசாரிக்கச் சொல்லியிருந்தார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அக்கா இப்போது இல்லை. தரணி என்கிற பெண் எழுதிய கடிதம் கிடைத்த அன்று கிளம்பிவிட்டேன். உடுமலையில் பஸ் மாறி, இங்கே இறங்கியதும் ரோட்டிலிருந்தே வாசல் தெரிந்தது. நிறையச் செருப்பு கிடந்தது. அதற்குமேல் மெதுவாகத்தான் நடந்தேன். அவசரப்படுவதற்கு எனக்கு ஐந்து மாதம் இருந்தது, அப்போது படவில்லை. தம்பி வீட்டை விற்றுவிட்டான் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அக்கா எழுதிய கடிதங்களை மறுபடி படித்தேன். மாடு, கை நடுக்கம், கஞ்சி, கடைசியில் 'விருந்தாளியாவே வா'. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறார். இருபத்தாறு வருடம் ஊசி போன ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்த கண் இது.

இன்னொன்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முன்னறைக்கு எனக்காக ஆவணியில் புது வெள்ளையடித்திருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் நல்லான் சுண்ணாம்பு வாளியோடு வந்து, "மத்த எடமெல்லாம் பளிச்சுன்னு இருக்குதுங்க, இந்தக் கதவோரம் மட்டும் ஒரு இழுப்பு இழுத்து உடட்டுங்களா?" என்றான். போய்ப் பார்த்தேன். பஸ் நிற்குமிடம் நன்றாகத் தெரிகிற இடம். உட்கார்ந்தவர் தலை உயரத்தில், வட்டமாக, எண்ணெய்க் கறை. கோமளாவுடையதற்குப் பத்தொன்பது வருடம். இதற்கு ஐந்தே மாதம்.

நல்லானைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கடைக்குப் போய் இந்த வருடக் காலண்டர் ஒன்று வாங்கி வந்து அதன்மேல் மாட்டியிருக்கிறேன். இடுப்புயரம்தான் வருகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள், "ஏனுங்க இவ்வளவு கீழ?" என்கிறார்கள். நான் குனிந்து தேதி பார்க்கிறேன்.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் கேட்க மாட்டீர்கள். அங்கே போய் உட்காருவீர்கள்.

இப்படிக்கு,
மகுடேஸ்வரன்